கணக்குக் கேட்டல்

கணிப்பொறி வந்துவிட்டது, இனிக் கணக்கிலே பிழை இராது, பிழையற்ற கணக்கிலே புரட்டும் இராது, புரட்டு ஒழிந்தபின் தணிக்கையாளருக்கு வேலை ஏது? வளரும் நாடுகளின் வாணிக மாநாடுகளிலும் மென்பொருள் விற்போரின் விளம்பரங்களிலும் இன்று இவ்வாதம் பலவாறாக எழுப்பப்பட்டு வருகிறது. கேட்பதற்கு இனிய வாதந்தான். கறையான் அரித்த பேரேட்டையும், கணக்குப்பிள்ளைக்கு மட்டுமே விளங்கும் கையெழுத்தையும், ஆண்டு முடிந்து பல திங்கள் கழித்து வந்து சேரும் ஐந்தொகையையும் கண்டு சலித்த நாடுகளுக்கு மின்னிலக்கக் கணக்கு ஒரு விடிவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் இவ்வாதத்தில் ஒரு பெரும் ஓட்டை உண்டு. கணக்கு எழுதுதல் வேறு, கணக்குக் கேட்டல் வேறு என்பதை அது மறந்துவிடுகிறது.

'கணக்குக் கேட்டல்' என்னும் வழக்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. தணிக்கையைக் குறிக்கும் 'ஆடிட்' என்னும் ஆங்கிலச் சொல், செவியால் கேட்டல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. முற்காலத்தில் ஒருவர் கணக்கை உரக்கப் படிக்க, மற்றொருவர் செவிமடுத்துச் சரிபார்த்தார். தொழிலின் பெயர் அந்த நடைமுறையிலிருந்து வந்தது. தமிழிலோ 'கேள்' என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு. செவிமடுப்பதும் கேட்டல், வினவுவதும் கேட்டல். 'அவனைக் கணக்குக் கேள்' என்று ஒரு தாய் மகனிடம் சொன்னால், அவன் ஒப்புவிப்பதைக் கேட்டுக்கொண்டு வா என்று எந்த மகனும் பொருள் கொள்வதில்லை. பணம் எங்கே போயிற்று என்று வினவிவா என்றே கொள்வான். இலத்தீன் வேர் பாதியளவே சொன்ன கருத்தைத் தமிழ் வழக்கு முழுமையாகச் சொல்லிவிடுகிறது. கணிப்பொறி இவற்றுள் எந்தப் பாதியைச் செய்கிறது, எந்தப் பாதியைச் செய்வதில்லை என்று அளக்க இச்சொல்லே ஏற்ற கோல்.

வினவும் பாதியைத் தமிழர் எத்துணைக் கடுமையாகக் கருதினர் என்பதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்றாகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் உறுப்பினராதல் இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் ஆதல் இயலாது. குடவோலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் பலர். இந்த விதியைப் பேசுவோர் சிலரே.

மலாயாவும் சிங்கப்பூரும் இவ்வழக்கை வேறொரு வடிவில் கண்டன. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளிலும் பினாங்கிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளில், முகவர்கள் குறித்த தவணைக்கு வந்து பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினர். முதலாளி பெரும்பாலும் கடலுக்கு அப்பால் செட்டிநாட்டில் இருந்தார். கண்ணால் காணாத கடையை அவர் ஏட்டால் கண்டார். 'ஐந்தொகை' என்னும் அருமையான சொல் அவர்கள் கணக்குவழக்கில் வாழ்ந்தது. முகவர் அனுப்பிய கணக்கு முதலாளியின் கேள்விகளை எதிர்நோக்கியே எழுதப்பட்டது. எழுதுகிறவன் ஒருவன், கேட்கிறவன் ஒருவன் என்னும் இந்தப் பிரிவே கணக்கின் உயிர்நிலை.

இனிக் கணிப்பொறியின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்க்கலாம். அது சிறிதன்று. 1986-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பெற்ற நிறுவனமொன்றின் 'டாலி' என்னும் மென்பொருள், இந்தியச் சிறு வணிகரின் பேரேட்டைக் கணிப்பொறிக்கு மாற்றியது. பற்று எது, வரவு எது என்று தடுமாறியவரும் தம் கடையின் நிலையை அன்றன்றே காண முடிந்தது. தமிழ்நாட்டில் கணக்கர் வேலை தேடும் இளைஞரிடம் 'டாலி தெரியுமா?' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பின்னர் அரசுகளும் இத்துறையில் இறங்கின. தென்னமெரிக்கச் சிலி நாடு 2003-ஆம் ஆண்டே மின்னியல் விலைச்சீட்டுக்கு வழிவகுத்தது. பிரேசில் பின்தொடர்ந்தது. இந்தியாவில் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இம்முறை, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேற்பட்டவை வரை இறங்கி வந்தது. மலேசியாவில் உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் முதல், ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்கும் நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக 'இ-இன்வாய்ஸ்' முறையைக் கொணர்ந்தது. இங்கு விலைச்சீட்டு முதலில் வரித்துறையின் பொறிக்குச் சென்று ஏற்பும் எண்ணும் பெற்ற பின்னரே வாங்குவோரிடம் போகும். 72 மணி நேரத்துக்குள் விற்றவர் நீக்கலாம்; வாங்கியவர் மறுக்கலாம்; அதன்பின் சீட்டு அசையாது. இவ்வகையில் வளரும் நாடுகள் செல்வ நாடுகள் பலவற்றை முந்திச் சென்றன என்பது மிகையன்று.

தணிக்கைக்கும் இதனால் விளைந்த நன்மை பெரிது. பழைய தணிக்கையாளர் பத்தாயிரம் சீட்டுகளில் நூறை உருவிப் பார்த்து மற்றவற்றை ஊகித்தார். இன்று பத்தாயிரத்தையும் பார்க்கலாம். இதன் அருமையை உணரப் பீகார் மாநிலத்துக் கால்நடைத் தீவன ஊழலை நினைவுகூர்தல் வேண்டும். 1996-இல் வெளிப்பட்டு நாட்டை உலுக்கிய அவ்வழக்கில், கால்நடைகளையும் தீவனத்தையும் ஏற்றிச் சென்றதாகப் பட்டியல்களில் வாகன எண்கள் எழுதப்பட்டிருந்தன. அரசுத் தணிக்கையாளர்கள் அவ்வெண்களை வாகனப் பதிவேட்டோடு ஒப்புநோக்கினர். லாரி என்று காட்டப்பட்டவற்றுள் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் இருந்தன! ஸ்கூட்டரில் எருது ஏறிச் சென்ற அதிசயத்தைக் கண்டுபிடிக்க அன்று காகிதக் குவியல்களில் நெடுநாள் உழைக்க வேண்டியிருந்தது. இரு பட்டியல்களும் பொறியில் இருந்தால் இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் அது முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். வாகன எண்ணைப் பதிவேட்டோடு ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று முதலில் ஒரு மனிதருக்குத் தோன்றிற்றே, அதுதான் தணிக்கை. ஒட்டிப் பார்த்தது உழைப்பு. பொறி உழைப்பை மேற்கொள்கிறது. தோன்றுதலை அது தானாகக் கொண்டு வருவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதால் நேர்ந்த கேட்டை அண்மைக் கால வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

வங்காள தேசத்தின் மத்திய வங்கியில் நடந்தது உலகறிந்த செய்தி. 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு, டாக்காவிலிருந்து நியூயார்க்கிலுள்ள மத்திய ரிசர்வ் வங்கிக்குச் சுவிஃப்ட் என்னும் பன்னாட்டு வங்கிச் செய்தி அமைப்பின் வழியாக 35 கட்டளைகள் சென்றன. மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி அமெரிக்க டாலர். கட்டளைகள் முறையான வடிவில் இருந்தன. அடையாளக் குறிகள் சரியாக இருந்தன. அனுப்பியவர் மட்டும் வங்கியினர் அல்லர். வங்கியின் கணிப்பொறிக்குள் முன்னமே நுழைந்திருந்த கள்வர்கள்!

அவ்வங்கியில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. போகும் செய்தியையும் வரும் செய்தியையும் இரவு பகலாகத் தாளில் அச்சிட்டுக்கொண்டே இருப்பது அதன் வேலை. கள்வர்கள் தம் தடத்தை மறைக்க விரும்பியபோது அந்த அச்சுப்பொறியையும் மறவாமல் முடக்கினர். பணத்தைக் கொண்டுபோக வந்தவர்கள் ஒரு தாள் இயந்திரத்துக்கு அஞ்சினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. பொறிக்கு வெளியே, பொறியால் திருத்த முடியாத வேறொரு பதிவு இருத்தலே அவர்களுக்குப் பகையாகத் தோன்றிற்று. வெள்ளிக்கிழமை காலையில் வந்த ஊழியர்கள் அச்சுப்பொறி ஓடாததைக் கண்டு, வழக்கமான கோளாறு என்று எண்ணினர். அவ்வெண்ணத்தில் அவர்களைக் குறை சொல்வதும் எளிதன்று. கோளாறு பழகிப்போன அலுவலகங்களில் கோளாறு யாரையும் எச்சரிப்பதில்லை. வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டாதலால் மணிலாவில் விடுமுறை. அச்சுப்பொறி மறுபடி ஓடத் தொடங்கியபோது, இக்கட்டளைகள் உண்மையானவையா என்று நியூயார்க் கேட்டிருந்த செய்திகள் அதிலிருந்து வெளிவந்தன. வினவியவர் இருந்தார், வினாவைச் செவிமடுக்க ஆளில்லை.

ஐந்து கட்டளைகள் நிறைவேறிப் பத்துக் கோடியே பத்து இலட்சம் டாலர் வெளியேறியது. அதில் இரண்டு கோடி இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்குச் சென்றது. அறக்கட்டளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கள்வர்கள் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தனர். இடைநின்ற ஜெர்மானிய வங்கியில் ஒருவர் அப்பிழையைக் கண்டு விளக்கம் கேட்டார், பணம் தப்பியது. எழுத்துப் பிழை திருத்துவதைச் சிறு தொழிலாகக் கருதுவோர்க்கு இதனை எடுத்துக்காட்டலாம்: ஒரு சொல்லின் பிழையைக் கண்டதற்கு விலை இரண்டு கோடி டாலர். மணிலாவுக்குப் போன எட்டுக் கோடியே பத்து இலட்சத்தில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. நின்றுபோன மற்றக் கட்டளைகளும் நல்லூழால் நின்றவையே. பணம் சேரவேண்டிய மணிலாக் கிளையின் தெருப்பெயர் 'ஜூப்பிடர்'. அதே பெயர் வேறு காரணத்துக்காக அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருந்தமையால் கட்டளைகள் மறுபார்வைக்குச் சென்றன. இங்கே பொறி சொல்லைப் பொருத்தியது உண்மை; திருட்டை அது உணர்ந்ததில்லை.

அவ்வங்கியில் தகுந்த தடுப்புச்சுவர் மென்பொருள் இல்லை, இணைப்புக்குப் பத்து டாலர் விலையுள்ள பழைய கருவிகளே பயன்பட்டன என்று அந்நாட்டுப் புலனாய்வாளர் அப்போது கூறினர். வளரும் நாடுகளின் மின்னிலக்க மாற்றத்தைப் பாராட்டுவோர் இவ்வொரு செய்தியை மறத்தலாகாது. கோடிக்கணக்கான டாலரை நொடியில் நகர்த்தும் ஆற்றல் உலக முழுமைக்கும் ஒன்றே. அந்த ஆற்றலைக் காக்கும் செலவு மட்டும் அந்தந்த நாட்டின் வறுமைக்கு ஏற்பச் சுருங்கிவிடுகிறது.

டாக்காவில் வெளியார் நுழைந்தனர். மும்பையில் நடந்ததாக வெளிவந்ததோ வங்கிக்கு உள்ளிருந்தே விளைந்த கேடு. பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளையில், வைர வணிகர் சிலருக்காக உத்தரவாதக் கடிதங்கள் முறையின்றி வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்குச் சென்றதாக 2018 பிப்ரவரியில் அவ்வங்கி பங்குச் சந்தைக்கு அறிவித்தது. தொகை முதலில் ஏறத்தாழ 11,400 கோடி ரூபாய் எனப்பட்டது. பின்னர் மேலும் ஏறியது. அவ்வங்கியில் இரண்டு பொறிகள் இருந்தன. ஒன்று வங்கியின் பேரேடு. மற்றொன்று சுவிஃப்ட் செய்தி அமைப்பு. இரண்டும் தம்முள் பேசிக்கொள்வதில்லை. உத்தரவாதக் கடிதத்தைச் செய்திப் பொறியில் அனுப்பிவிட்டுப் பேரேட்டுப் பொறியில் பதியாமல் விட்டால், உலகத்துக்கு வங்கி பட்ட கடன் உண்டு. வங்கியின் கணக்கில் அக்கடன் இல்லை! பேரேடு பிழையற்றிருந்தது, கூட்டல் கழித்தல் யாவும் சரியாக இருந்தன. உள்தணிக்கையும் வெளித்தணிக்கையும் ஆண்டுதோறும் வந்து அந்தப் பிழையற்ற பேரேட்டைப் பார்த்துச் சென்றன.

அது வெளிப்பட்ட விதந்தான் இங்குக் கருதத்தக்கது. 2018 சனவரியில் அந்நிறுவனங்கள் மறுபடி உத்தரவாதக் கடிதம் கேட்டு வந்தன. முன்பிருந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். இடத்துக்கு வந்தவர், முழுத் தொகைக்கும் ஈடு எங்கே என்று கேட்டார். முன்பெல்லாம் ஈடின்றியே பெற்றோம் என்றனர். முன்பு கொடுத்ததற்குப் பேரேட்டில் பதிவு எங்கே என்று தேடியபோது ஒன்றும் இல்லை. ஏழாண்டு ஓடிய பொறிகள் உரைக்காததை ஒரு கேள்வி உரைத்தது. சுவிஃப்டை முறைகேடாகப் பயன்படுத்தலாம் என்று 2016 ஆகஸ்டு முதல் மும்முறையேனும் வங்கிகளை எச்சரித்ததாக இந்திய ரிசர்வ் வங்கி பின்னர்க் கூறியது. இரண்டு பொறிகளையும் 2018 ஏப்ரல் இறுதிக்குள் இணைக்குமாறு கட்டளையும் இட்டது. எச்சரிக்கையோடு நில்லாமல் அன்றே நேரில் சென்று கேட்டிருக்கலாகாதா என்று ஒருவர் வினவினால் அதற்குத் தக்க விடை கிடைப்பது அரிது.

ஐதராபாத்துச் சத்தியம் நிறுவனத்தின் கதை இன்னும் பழையது, பலரும் அறிந்தது, ஆதலால் சுருங்கச் சொன்னால் போதும். 2009 சனவரி 7-இல் அதன் தலைவரே பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டார். 2015-இல் நீதிமன்றம் தண்டித்தது. கணிப்பொறித் தொழிலில் உலகப் புகழ் பெற்ற அந்நிறுவனத்திலேயே, விலைச்சீட்டுப் பொறியில் தனியுரிமை பெற்ற நுழைவைக் கொண்டு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்ச் சீட்டுகள் உருவாக்கப்பட்டன. உள்ளே இருந்த பிறர் கண்ணுக்குப் படாமல் அவை மறைக்கப்பட்டிருந்தன. வங்கியில் இருப்பதாகக் காட்டிய பெரும் தொகை அங்கு இல்லை. வங்கியிடமிருந்து நேரே பெறவேண்டிய உறுதிமடலைத் தணிக்கையாளர் முறையாகப் பெறாதது பின்னர்ப் பெருங்குற்றமாக எடுத்துக்காட்டப்பட்டது. ஒரு மடல் எழுதிக் கேட்பதற்கு உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் வேண்டுவதில்லை.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு இந்திய அரசு கொணர்ந்த விதியொன்று உண்மையிலேயே பாராட்டுக்குரியது. 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளோடு பதிந்து வைக்க வேண்டும். அப்பதிவை நிறுத்திவைக்க இயலாதிருத்தல் வேண்டும். அது ஆண்டு முழுதும் இயங்கிற்றா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் கூற வேண்டும். கணிப்பொறிக் கணக்கின் பெருங்குறை ஒன்றுக்கு இது மருந்து. மையால் எழுதிய பேரேட்டில் அடித்தால் அடித்த தடம் நிற்கும். சுரண்டினால் தாள் காட்டிக்கொடுக்கும். தொடக்ககாலக் கணக்கு மென்பொருள்களிலோ, சென்ற ஆண்டின் பதிவொன்றை இன்று நீக்கினாலும் ஏடு புத்தம் புதிதாய்ச் சிரிக்கும். மையின் நேர்மையைப் பொறிக்குக் கற்பிக்கும் முயற்சி என்று இவ்விதியைச் சொல்லலாம். இதன் எல்லையும் வெளிப்படை. திருத்தப்பட்ட பொய்யை அது காட்டும். முதலிலேயே பொய்யாக எழுதப்பட்டதை அது காட்டாது. எழுதாமலே விடப்பட்டதையும் அது காட்டாது. பிராடி ஹவுஸ் பேரேட்டில் இவ்விதி அன்று இருந்திருந்தாலும் அதில் காட்டுவதற்கு எதுவும் இருந்திராது.

மற்றொரு குறை அரசுகளின் நோக்கத்தில் இருக்கிறது. வளரும் நாடுகளில் மின்னிலக்கக் கணக்கைப் பரப்பும் பெருவிசை வரி வாங்குவோரிடமிருந்தே வருகிறது. அதில் தவறில்லை, வரியின்றி அரசேது, பள்ளியேது? ஆயினும் வரித்துறைக்கு வேண்டியது விலைச்சீட்டு. பங்குதாரர்க்கும் கடன் கொடுத்தவர்க்கும் தொழிலாளர்க்கும் வேண்டியதோ நிறுவனம் நிற்குமா விழுமா என்னும் செய்தி. சரக்கறையில் கிடக்கும் பொருள் விற்குமா, வரவேண்டிய கடன் வருமா என்பனவற்றை விலைச்சீட்டு சொல்வதில்லை. வரித்துறை ஏற்ற எண் ஒன்று சீட்டின்மேல் இருப்பதாலேயே அக்கணக்கு தணிக்கை பெற்றுவிட்டது என்று எண்ணும் மயக்கம் சிறு வணிகரிடையே பரவி வருகிறது. சரக்கே கைமாறாமல் சீட்டு மட்டும் கைமாறி வரிச்சலுகை பெறும் மோசடிகளை இந்தியாவின் ஜி.எஸ்.டி. அதிகாரிகள் ஆண்டுதோறும் பிடித்து வருகிறார்கள். அவற்றுள் பல சீட்டுகள் முறையான எண்ணும் வடிவமும் பெற்றவையே.

எல்லாவற்றினும் கவலைக்குரியது பயிற்சி. தணிக்கைத் தொழிலில் நுழையும் இளைஞர், முதலில் இரசீதுகளைப் புரட்டி ஒவ்வொன்றுக்கும் அருகில் சிறு குறியிடும் வேலையில் அமர்த்தப்படுவது நெடுங்கால வழக்கம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அச்சலிப்பினூடேதான் அவர் கண் பழகிற்று. ஒரே கையெழுத்தில் இரு கடைகளின் இரசீது, ஞாயிற்றுக்கிழமையில் வந்திறங்கிய சிமெண்டு, வரிசை கலையாத எண்களோடு மூன்று ஊர்களின் உணவுவிடுதிச் சீட்டு, இவற்றையெல்லாம் அவருக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. அந்த வேலையை இன்று பொறி மேற்கொண்டுவிட்டது. இந்தியாவில் பட்டயக் கணக்காளர் பயிற்சிக் காலமும் 2023-ஆம் ஆண்டின் புதிய திட்டத்தில் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பொறி ஐயத்துக்குரியது என்று தரும் பட்டியலைப் பார்க்க இளைஞர் கற்கிறார். பட்டியலில் இல்லாததை ஐயுற அவருக்கு யார் கற்பிப்பது?

கணக்கியல் கற்பிப்போர் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேட வேண்டுவதில்லை. பீகார்ப் பட்டியல்களைப் போன்ற பழைய வாகன எண்கள் நிறைந்த சில தாள்களை மாணவர்முன் வைத்து, கணிப்பொறியை ஒரு பிற்பகல் அணைத்துவிட்டு, எந்த வரியைப் பற்றி யாரிடம் போய் என்ன கேட்பீர்கள் என்று எழுதச் சொன்னாலே போதும். விடைகளைத் திருத்தும்போது கூட்டல் சரியா என்று பார்க்காமல், கேள்வி சரியா என்று பார்த்து மதிப்பெண் இடுதல் வேண்டும்.